ஒரு வார்த்தை சொல்லலீங்க

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க அம்மிணி, இந்தப் பக்கம். அந்தக் காது எனக்குச் சுத்தமாக் கேக்காது. இதுலயும் பாதிதான். நான் தறிக்காரிங்க, பள்ளிபாளையம். கண்ணாலமாகி வந்த நாள்ல இருந்து தறிப்பட்டறைக்குள்ளயே கெடந்தவ. எங்க வீதியில காது நல்லாயிருக்கற பொம்பளைய வெளக்குப் புடிச்சுத் தேடோணும். நாங்கெல்லாம் எதுத்தாளு வாயசையறதப் பாத்தே பேசிக்குவோம். இங்க பாருங்க, டாக்டரு நர்சு எல்லாரும் வாயை மறைச்சுத் துணி கட்டியிருக்கறாங்க. நான் என்னத்தப் பாக்கறது, என்னத்தப் புரிஞ்சுக்கறது?

அதனால நீங்க எனக்கு ஒரு ஒபகாரம் பண்ணோணும். அந்தக் கதவு தொறந்து, அர்த்தனாரி கூட யாரு வந்திருக்கறீங்கன்னு கூப்புட்டாங்கன்னா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அர்த்தனாரிதான் எங்கூட்டுக்காரரு. மத்தியானம் உள்ள கொண்டு போனது. வயித்தக் கிழிச்சுப் பண்ற ஆபரேசன். உசுருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாதுன்னு சொல்லித்தான் கொண்டு போனாங்க. எம்மக வளர்மதியும் மாப்பிள்ளையும் ரத்தத்துக்கு அலையறாங்க. நான் ஒத்தையில உக்காந்திருக்கறேன்.

உங்களுக்கு யாரு உள்ள? மாமியாளா? இடுப்பா? அது எலும்புதானுங்களே, ஒட்டிக்கும், உடுங்க.

இந்தப் பட்டுச் சேலையையும் தலையில பூவையும் பாத்துட்டு, என்னடா இவ ஆஸ்பத்திரிக்கு இப்படி வந்து உக்காந்திருக்கறாளேன்னு நெனச்சிருப்பீங்க. இன்னைக்குக் காலையில எம்பேத்திக்குக் காதுகுத்துங்க. கோயில்ல இருந்து நேரா இங்க. பூவ எடுத்துப் போடலாம்னு கை போகுதுங்க. எடுக்கப் பயமா இருக்குது. நானா எதுக்கு எடுக்கோணும்? அவரு எந்திரிச்சு வரட்டும், பொறவு எடுத்துக்கலாம்.

நான் பேசிக்கிட்டே இருக்கறேன்னு நெனைக்காதீங்க. பேச்சை நிறுத்துனா பயம் வந்துருது. சத்தமில்லாத எடத்துல உக்காந்தா எங்காதுக்குள்ள தறி ஓடும், தடக்குத் தடக்குன்னு. வீட்டுல அது ஒரு தொந்தரவா இருக்கும். இங்க அது நின்னு போச்சுன்னா என்ன பண்றதுன்னு இருக்குது. பயித்தியக்காரி மாதிரி பேசறேன்.

எனக்கு அவரு மேல ஆத்தரம் என்னன்னா, ஒரு வார்த்தை சொல்லல. உள்ளுக்குள்ள சீழ் புடிச்சு அழுகியிருக்குது, கட்டுன பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணுமில்ல? கல்லுளிமங்கனுங்க அவரு. வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்கன்னு நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கறேன். சிரிப்பாரு. அந்தச் சிரிப்பப் பாத்தா எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வரும்.

எங்களுக்குச் சொந்தமா சின்னப் பட்டறைங்க. அவரு தறியோட்டுவாரு, நான் தார் சுத்துவேன். தறியில குறுக்க ஓடற நாடாவுக்குள்ள வெக்கற நூல்கட்டைதான் தாரு. எங்க பட்டறையில தறியில ஏத்துன நூலு, அதான் பாவு, தீர்ற வரைக்கும் தறி நிக்காது. அது எங்க மாமியா காலத்துல இருந்து இல்ல, நான் வந்து கொண்டாந்த ஒழுங்கு. அவரு தண்ணி குடிச்சா எந்திரிச்சுப் போகோணும், எந்திரிச்சா தறி நிக்கும். அதனால பகல்ல தண்ணியே குடிக்க மாட்டாரு. பொறத்தால கடையில இருந்து போண்டாவும் டீயும் வரும், நின்னுக்கிட்டே முடிச்சிருவாரு. மத்த ஆம்பளைங்கள மாதிரி கீரை செய்யி, காய் செய்யின்னு ஒரு நா கேட்டதில்ல. அப்படி ஒரு மனுசன். வெளிக்கிருக்கறதுதான் அவருக்குப் பெரும்பாடு. உள்ள போனா வரமாட்டாரு. கதவத் தட்டி, தூங்கிட்டீங்களான்னு சத்தம் போடுவேன். 'முடியல பாவாயி'ன்னு உள்ள இருந்து கொரல் வரும். பாவாயி நாந்தான். முடியலைன்னா அப்பறம் போலாம், வாங்கன்னு கூட்டிக்கிட்டு வந்துருவேன்.

தை மாசம் இருக்கும். ஒரு நா திடீர்னு தறி நின்னு போச்சுங்க. கரண்டு போச்சாக்கும்னு நிமுந்து பாத்தா, லைட்டு எரியுது. இவரே நிறுத்திப்போட்டு நிக்கறாரு. இடது பக்கம் அடிவயித்தக் கையில அமுத்திக்கிட்டு, 'பாவாயி, இந்த எடத்துல...'ன்னு ஆரம்பிச்சாரு. எனக்குத் தறி நிக்கறதப் பாத்தா தலைகால் புரியாதுங்க. பேசறதானா ஓட உட்டுட்டுப் பேசுங்க, பாவு அப்படியே நிக்குதுன்னு, நானே போயி தறியப் போட்டு உட்டுட்டேன். திரும்பி வந்து தார் எடுக்கக் குனிஞ்சுட்டேன். பொறகால அவரு என்ன சொன்னாரோ. சொல்ல வேண்டியதா இருந்தா மறுக்காவும் வந்து சொல்லியிருப்பாருல்ல? சொல்லல. அன்னைக்கு ராச்சோறும் சரியாத் திங்கல. வாயுவா இருக்கும்னு ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்தேன். குடிச்சாரு. குடிச்சுட்டு 'இது வாயு மாதிரித் தெரியல'ன்னாரு. உங்களுக்கு என்ன தெரியும்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன்.

எங்க நாத்தனாதான் எல்லாத்தையும் கெடுத்தது. கொடலேத்தமா இருக்கும், வழிச்சு உட்டா எறங்கிரும்னு அவதான் சொன்னா. நம்மூருல கொழந்தைகளுக்கு எண்ணெய் போட்டு வயித்த வழிச்சு உடுவாங்களே, அது. பெரியவங்களுக்கும் பண்றவரு குமாரபாளையத்துப் பக்கம் ஒருத்தரு இருக்கறாரு. அவ சொன்னாளேன்னு கூட்டிக்கிட்டுப் போனேன். இவரு வாசல்லயே நின்னுக்கிட்டாரு. 'வேண்டாம் பாவாயி, கை பட்டாலே உசுரு போகுது'ன்னு எங்கையப் புடிச்சாரு. கொழந்தையாட்டம் பண்ணாதீங்கன்னு உள்ள தள்ளி உட்டேன். வழிச்சு உட்டு வெளிய வந்தவரு மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்திருச்சு. எப்படி இருக்குதுன்னு கேட்டேன். தலைய மட்டும் ஆட்டுனாரு. சரியாப் போச்சாக்கும்னு நெனச்சேன். பின்ன என்ன நெனைக்கறது? வாயத் தொறந்து சொன்னாத்தானே?

அதுக்கப்பறம் காய்ச்சல் வந்துச்சு. சாதாக் காய்ச்சல் இல்லீங்க, பல்லு கிட்டிப் போற குளிரு. தூக்கிப் போடுது. எனக்கு அப்பத்தான் வெசனம் புடிச்சுது. வளர்மதிக்குப் போனப் போட்டேன். அவ வந்து, எந்த நாயத்தையும் கேக்காம, அப்பனைக் கார்ல ஏத்திப்போட்டா.

அவ கொண்டு போன ஆஸ்பத்திரியில இருந்த டாக்டரு நெம்பச் சின்னப் பையன். இவருகிட்ட, 'ஐயா, எப்ப இருந்து வலிக்குது'ன்னு கேட்டாரு. இப்பத்தானுங்க, ரெண்டு மூணு நாளாத்தான்னு நான் சொன்னேன். 'எந்த எடத்துல'ன்னாரு. வயித்துலதானுங்க, வாயுன்னு நான் சொன்னேன். 'மலம் சரியாப் போகுதா'ன்னாரு. அதுக்கும் நாந்தான் சொன்னேன், கூட இருக்கறவளுக்குத் தெரியாதா? அந்தப் பையன் பேனாவ வெச்சுப்போட்டு, 'அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, நான் அவருகிட்டப் பேசிக்கறேன்'ன்னாரு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க! எம்புருசனப் பத்திச் சொல்ல நான் வெளிய நிக்கோணுமா?

கண்ணாடி வழியாப் பாத்தேன். பேசறாருங்க! கையக் காட்டி, வயித்தத் தொட்டு, பேசிக்கிட்டே இருக்கறாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாத மனுசன், முன்னப்பின்ன தெரியாத பையன்கிட்ட அத்தனை பேச்சுப் பேசறாரு. மாசக்கணக்கா வலியாம். போனவருசம் பண்டிகைக்கு முந்தியே ஆரம்பிச்சுதாம். மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி வாங்கி முழுங்கியிருக்கறாரு. டாக்டரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெளிய வந்ததும் நான் அவருகிட்டப் பேசவே இல்ல. சாயங்காலம் வரைக்கும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டே உக்காந்திருந்தேன்.

ஸ்கேன் எடுத்து, கட்டி இருக்குதுன்னாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கட்டின்னா நம்ம என்ன நெனைப்போம்? அந்த நோவுதான்னு அழுதேன். 'அந்தக் கட்டி இல்லைம்மா, இது சீழ்க்கட்டி'ன்னாரு அந்தப் பையன். சைக்கிள் டியூப்பு பழசானா அங்கங்க உப்பிக்கிட்டு நிக்குமே, அந்த மாதிரி பெருங்குடல் செவுத்துல சின்னச் சின்னதாப் பை பிதுங்கியிருக்குதாம். வருசக்கணக்கா முக்கி முக்கி, தண்ணி காய் எதுவும் சேராம இருந்தா அப்படி வருமாம். அதுல ஒரு பை புண்ணாகி ஓட்டை உழுந்து, பக்கத்துலயே சீழ் சேந்து நிக்குது, நல்லவேளை இன்னும் ஒடையலன்னாரு. நானும் எத்தனையோ கட்டி பாத்தவதானுங்க. தொடையில வரும், அக்குள்ல வரும், மஞ்சள் அரைச்சுப் போட்டா பழுத்து ஒடஞ்சு ஆறிரும். உள்ளுக்குள்ள வந்தா எதை அரைச்சு எங்க போடறது?

வயித்துல குழாய் ஒண்ணு சொருகி, பையில சீழ் எறக்குனாங்க. அந்த வாடை இன்னமும் எம்மூக்குல இருக்குது. எத்தனையோ ஊசி போட்டாங்க. குளிரு நின்னுச்சு. குழாயும் எடுத்தாச்சு. வீட்டுக்கு அனுப்பறப்ப அந்தப் பையன், என்னைப் பாத்து இல்ல, இவரைப் பாத்துச் சொன்னாரு. 'ஐயா, மறுபடியும் குளிரோ வலியோ வந்தா ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காதீங்க. யாருகிட்டயாவது சொல்லி ஒடனே வந்துருங்க.' யாருகிட்டயாவதாம். நான் பக்கத்துலதான் நிக்கறேன்.

அப்பறம் நான் நல்லாத்தானுங்க பாத்துக்கிட்டேன். கஞ்சி, கீரை, பழம், எல்லாம் பண்ணிக் குடுத்தேன். தறிப் பக்கம் உடல. பகலெல்லாம் பக்கத்துலயே உக்காந்து பேசிக்கிட்டே இருப்பேன், மனுசனுக்குப் பொழுது போகோணுமேன்னு. அவரு கண்ண மூடிக் கேட்டுக்கிட்டே படுத்திருப்பாரு. கண்ணாலமாகி அத்தனை வருசத்துல நாங்க அவ்வளவு நேரம் தறிச்சத்தமில்லாம உக்காந்ததே இல்ல. எனக்கு நெம்பச் சந்தோசமா இருந்துச்சு அம்மிணி. பொய் சொல்லக் கூடாது.

என்ன, எந்திரிக்கறீங்க? தண்ணியா? எனக்கு வேண்டாம், உக்காருங்க.

இன்னைக்குக் காதுகுத்து. எங்களுக்குப் பையன் இல்லீங்க, வளர்மதி ஒருத்திதான். தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் புள்ளைக்குக் காது குத்தோணும். மாமனுக்கு எங்க போறது? பங்காளி வீட்டுப் பையன உக்கார வெக்கலாம்னு மாப்பிள்ளை வீட்டுல சொன்னாங்க. அதெப்படி, தாத்தன் கல்லாட்டம் இருக்கறப்ப ஊரான் மடியில உக்கார வெக்கறதான்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். எல்லாம் அவருக்கு மருவாதிக்குத்தான்.

விடிகாலையில கோயிலுக்கு வேன் கெளம்பறப்ப, திண்ணூறு பூசிக்கிட்டே, 'பாவாயி, மறுக்காவும் குளிருது'ன்னாரு. மார்கழியாட்டம் பனி பெய்யிது, எனக்குந்தான் குளிருதுன்னு சொல்லி, கம்பளிய எடுத்துப் போத்தி உட்டேன். நாந்தான் போத்தி உட்டேன், வேற யாரும் கண்டுக்கல. கோயில்ல வெயில் ஏறி எல்லாருக்கும் வேத்து ஊத்துது, இவரு கம்பளியோட உக்காந்திருக்கறாரு. மேளம் ஒரு பக்கம், மைக்குசெட்டு ஒரு பக்கம். என்ற கையப் புடிச்சு இழுத்து என்னமோ சொன்னாரு. அந்த எரைச்சல்ல யாருக்குக் கேக்கும்? நல்ல நேரம் போகுது, குத்தி முடிக்கட்டும், எதுன்னாலும் அப்பறம் பேசிக்கலாம்னேன். சரின்னு தலைய ஆட்டுனாரு. எப்பவும் அப்படித்தான், தலைய ஆட்டிருவாரு.

மடியில புள்ளைய உக்கார வெச்சோம். ஆசாரி ஊசிய வெச்சதும் அது வீல்னு கத்திக்கிட்டு, ரெண்டு காலையும் ஒதைச்சுதுங்க. இவரு வயித்துல. அந்தப் பக்கத்துலயே. புள்ளை 'அம்மா'ன்னு கத்துது, கூடவே இவரும் 'அம்மா'ன்னு கத்துனாரு. எல்லாரும் சிரிச்சோம். தாத்தனுக்கும் காது குத்தியாச்சுன்னு யாரோ சொன்னாங்க, கூட்டமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அவரு மடியில இருந்து புள்ளையக் கீழ உடவே இல்லீங்க. ரெண்டாவது காதும் குத்தி முடிக்கற வரைக்கும் புடிச்சுக்கிட்டே இருந்தாரு. அப்பறந்தான் சாஞ்சாரு.

எதுக்கு எங்கையத் தொடறீங்க? நான் அழுகலீங்க. இது சும்மா, கண்ணு எரியுது. நீங்க நல்ல மனசு.

இங்க கொண்டாந்து சேத்ததும், வயிறு பலகை மாதிரி ஆயிப்போச்சுன்னாங்க. கட்டி உள்ளுக்குள்ளயே ஒடைஞ்சு, சீழும் மலமும் வயிறெல்லாம் பரவிருச்சாம். அழுகுன குடல வெட்டி எடுத்துட்டு, மலம் போக வயித்துல வழி வெச்சுப் பை மாட்டுவாங்களாம். மாட்டட்டுங்க. அந்தப் பைய நான் கழுவறேன். காலம் பூரா கழுவறேன். ஆளு வந்தாப் போதும். மலைக்கோயில் படி பூராவும் முட்டி போட்டு ஏறறேன்னு வேண்டியிருக்கறேன். இந்தத் தறியெல்லாம் எடைக்குப் போட்டுடறேன்னு வேண்டியிருக்கறேன். எதைச் சொன்னா சாமிக்குக் கேக்கும்னு தெரியலையே அம்மிணி!

ஆமாங்க, அந்தக் கதவுதான். நீங்க கையக் காட்டறீங்களே, அதேதான். அதுக்குள்ளதான் கொண்டு போனாங்க. இருங்க, இது ஒண்ணை மட்டும் சொல்லி முடிச்சுடறேன், இத வேற யாருகிட்டயும் சொல்லல.

தள்ளுவண்டியில படுக்க வெச்சு, மூக்கையும் வாயையும் மூடி காத்துக் குழாய் மாட்டியிருந்தாங்க. கதவுகிட்ட வந்ததும், அவரு கைய நீட்டி எஞ்சேலைத் தலைப்பப் புடிச்சாரு. குனிஞ்சேன். அந்த மூடிய ஒரு விரல்ல நகத்திக்கிட்டு என்னமோ சொல்ல வந்தாருங்க. மூச்சு முட்டிருமேன்னு, பேசாதீங்க, பேசாதீங்க, எதுன்னாலும் வெளிய வந்து சொல்லலாம்னு, நாந்தான் அந்த மூடிய மறுக்கா ஏத்தி மாட்டி உட்டேன். உள்ள வாய் அசைஞ்சுது. மூடி பூரா ஆவி புடிச்சுக்கிச்சு, ஒண்ணும் தெரியல. என்ன சொல்லியிருப்பாரு? தண்ணி கேட்டிருப்பாரா? புள்ளைக்குக் காது சரியாக் குத்துனாங்களான்னு கேட்டிருப்பாரா? என்னைத் திட்டியிருப்பாரா? திட்டியிருந்தாலும் பரவாயில்லையே! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்த மனுசன் எங்கிட்ட...

என்னங்க? எதுக்கு இப்படித் தோளப் புடிச்சு உலுக்கறீங்க?

கூப்புட்டாங்களா? அர்த்தனாரியவா? எப்ப? அப்பவேயா? மூணு தடவையா? அட, நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா? அதுக்குத்தானே உங்களப் பக்கத்துல உக்கார வெச்சேன்! 'அப்பப் புடிச்சுச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கறேன்'ங்கறீங்க. எங்க சொன்னீங்க? எனக்குக் கேக்கலையே. எனக்கு ஒண்ணுமே கேக்கலையே அம்மிணி...

இந்தா வந்துட்டேன். வந்துட்டேன் கண்ணு, அர்த்தனாரி சம்சாரம் நாந்தான். கதவச் சாத்திராதீங்க. டாக்டர் பொண்ணு, அவரு... இல்ல, நீங்க சொல்லுங்க. அந்தத் துணிய மட்டும் வாயில இருந்து கொஞ்சம் எறக்குங்க கண்ணு, எனக்கு வாயப் பாத்தாத்தான் புரியும். கேக்குதுங்களா, அதை எறக்குங்க. எதுக்கு என்ற கையப் புடிக்கறீங்க? மொதல்ல சொல்லுங்க.

நான் பேசல. இந்தா, வாயப் பொத்திக்கிட்டேன். நீங்க சொல்லுங்க.